டிஸ்னிலேண்டில் நாமே துடுப்புப் போடும் படகு: அப்பாவை ஏற்றலாமா?

கேள்வி:
தங்கையைப் பார்க்க அப்பாவோடு கலிபோர்னியா போகிறேன். அனாஹைம் டிஸ்னிலேண்டில் பயணிகளே துடுப்பு வலிக்கும் கனூ என்ற படகு இருக்கிறதாமே? அப்பாவுக்கு 68 வயது. காசிமேட்டில் வளர்ந்தவர், கட்டுமரத்தில் போனவர். முட்டுக்காட்டில் மோட்டார் படகில் உட்கார வைத்தால், "இதுல நமக்கு என்ன வேலை?" என்று முகம் வாடிவிடுவார். வலது தோளில் வலி உண்டு, அதுதான் யோசனை.

பதில் 1:
தாராளமாக ஏற்றுங்கள். 1956-லிருந்து ஓடுகிறது. பூங்காவுக்குள் இருக்கும் செயற்கை ஆற்றில்தான் கனூ போகும்; அதே ஆற்றில் போகும் மார்க் ட்வெய்ன் என்ற சுற்றுலாக் கப்பலுக்குத் தண்ணீருக்கடியில் தண்டவாளம் உண்டு. கனூவுக்குக் கிடையாது, நகர்வது முழுக்க நம் கையால்தான். ஏறக்குறைய 20 பேர், முன்னும் பின்னும் வழிகாட்டிகள். தோள் வலித்தால் துடுப்பை மடியில் வைத்துவிடலாம். ஏறி இறங்கும்போது படகு ஆடும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
தினமும் ஓடாது, இருட்டுவதற்குள் நிறுத்திவிடுவார்கள். காலையிலேயே டிஸ்னிலேண்ட் செயலியில் பாருங்கள். நாங்கள் மாலையில் போய் ஏமாந்தோம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சொன்னதும் அப்பா, "எந்தப் பக்கம் உட்காரணும்?" என்கிறார்!

பதில் 1:
வலப்பக்கம். அப்போது இடது கைதான் மேலே உயரும், வலது கை தாழவே இருக்கும்.