வேலை தருவதாகச் சொல்லி வரும் தொழிற்சாலையை எதிர்ப்பது சரிதானா?

கேள்வி: வலிகாமம் தோட்டக்காரன்

எங்கள் ஊரில் தோட்டக் காணிகளை ஒட்டிய அரச நிலத்தில் தொழிற்சாலை ஒன்று அமையவிருக்கிறது. நிலம் நீண்டகாலக் குத்தகைக்கு, அதுவும் வரிச்சலுகையோடு கொடுக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். சனசமூக நிலையத்தில் வைத்துச் சென்ற துண்டுப்பிரசுரத்தில் 'பல நூறு வேலைவாய்ப்புகள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்துக்கு, எந்த ஆண்டிலிருந்து என்பதில் ஒன்றுகூட அதில் இல்லை.

நாங்கள் பெரும்பாலானோர் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிட்டோம். ஆனால் உயர்தரம் முடித்து மூன்று ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் என் அக்காவின் மகள், "மாமா, நீங்கள் வைத்த கையொப்பம் எனக்கும் எதிரானதுதானே?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதில் 1: மாவிட்டபுரத்தான்

தம்பி, காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைச் சம்பளத்தில் வளர்ந்தவன் நான். அப்பா மாலையில் வந்து கிணற்றடியில் நின்று, புருவத்தில் படிந்த சாம்பல் நிறத் தூளை இரண்டு வாளித் தண்ணீரில் கழுவிய பின்னர்தான் எங்களைத் தூக்குவார். 1950 இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990 இல் போரினால் மூடப்படும்வரை எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆகவே தொழிற்சாலை என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எதிர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. அப்பாவுக்குக் கிடைத்தது நிரந்தர வேலையும் சேமலாப நிதியும். உங்கள் துண்டுப்பிரசுரம் சொல்லும் வேலையும் அத்தகையதா, அல்லது ஒப்பந்தகாரரின் கீழ் நாட்கூலியா என்பதை முதலில் கேளுங்கள்.

பதில் 2: நல்லூர் வாசகர்

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்ததை இங்கு சொல்ல வேண்டும். 2017 இல் தைவானைச் சேர்ந்த மின்னணுப் பொருள் உற்பத்தி நிறுவனமான பொக்ஸ்கொன் 13,000 பேருக்கு வேலை தருவதாகக் கூறியது. அதற்கு மாநில அரசு ஏறத்தாழ 300 கோடி டொலர் சலுகையை ஒப்புக்கொண்டது. 2021 இல் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டபோது வேலைகள் 1,454 ஆகவும் சலுகை 8 கோடி டொலராகவும் சுருங்கின. வேலை கொடுத்த பின்னரே சலுகை என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் மாநிலப் பணத்தின் பெரும்பகுதி தப்பியது. ஆனால் காணி வாங்கவும் வீதி போடவும் உள்ளூராட்சி மன்றங்கள் முன்கூட்டியே கடன்பட்டுச் செலவழித்திருந்தன. காணிக்காக வீடுகளை விட்டுப் போனவர்களும் திரும்பி வரவில்லை. ஆகையால் சலுகை எந்த நிபந்தனையில் கொடுக்கப்படுகிறது, வேலை எண்ணிக்கை குறைந்தால் அது திரும்பப் பெறப்படுமா என்பதே உங்கள் ஊர் கேட்கவேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

பதில் 3: சுன்னாகம் ஆசிரியை

வேலையைப் பற்றி அனைவரும் எழுதிவிட்டீர்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாதது நம் யாழ்ப்பாணக் குடாநாடு. சுண்ணக்கல்லின் இடுக்குகளில், உவர்நீருக்கு மேலே மிதக்கும் மழைநீரைத்தான் நாம் குடிக்கிறோம், அதைத்தான் வெங்காயத்துக்கும் இறைக்கிறோம். அளவு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். மேலே கொட்டுவது எதுவாயினும் கீழே இறங்கும். சுன்னாகம் அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பு, சொந்தக் கிணறு இருந்தும் எத்தனை வீடுகள் பவுசர் தண்ணீருக்காக வாளியோடு காத்து நின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குத்தகை ஒப்பந்தம், நீர்த்தேவை, கழிவுநீர்த் திட்டம் மூன்றையும் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை விண்ணப்பத்தை எழுதினோம். எத்தனை நிரந்தர வேலை, ஊரவருக்கு எத்தனை, என்ன சம்பளம், நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நீர், கழிவுநீர் எங்கே போகும், சொன்ன வேலை வராவிட்டால் காணியும் சலுகையும் என்னவாகும் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். என் கையெழுத்து விளங்காது என்பதால் அக்காவின் மகளே அதை எழுதித் தந்தாள். சம்பளம் பற்றிய வரியில், பெண்கள் இரவு வேலை முடித்து வீடு திரும்ப வாகன வசதி உண்டா என்பதையும் அவளாகவே சேர்த்திருக்கிறாள்.