காதுத் தோடு அடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை (20 நாள் கன்று)

கொழிஞ்சாம்பாறை தொழுவம்:
ஹெச்.எஃப். கலப்பினக் கிடேரிக் கன்னு, 40 கிலோ இருக்கும். தோடு அடிச்சு ரெண்டு நாளாச்சு, ஓட்டையில இன்னும் ரத்தம் கசியுது. நேத்துப் போட்ட ஊசித் தடத்துலயும் சொட்டுது. ஈறு, உள்இமையில குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளி. சாணி கருப்பு. காய்ச்சல் 104.5 டிகிரி ஃபாரன்ஹீட். தீவனக் கொட்டகையில எலி மருந்து இருந்துச்சு. வைட்டமின் கே போட்டாப் போதுமாங்க?

களமருத்துவர் பொள்ளாச்சி:
போதாதுங்க. புள்ளிப் புள்ளியா வந்தா பெரும்பாலும் தட்டணு (ரத்தம் உறைய உதவுற அணு, பிளேட்லெட்) குறைவு. எலி மருந்துன்னா தோலுக்கடியில ரத்தக்கட்டி, மூட்டு வீக்கம், மூச்சுத் திணறல் வரும். இந்தக் காய்ச்சல் இருக்காது. உங்க பக்கம் கலப்பினக் கன்னுன்னா முதல் சந்தேகம் உண்ணியால வர்ற தைலேரியாதான் (ரத்த அணுக்கள்ல வளர்ற ஒட்டுண்ணி நோய்). தோள்பட்டைக்கு முன்னாடி நெறிகட்டி இருக்கான்னு தடவிப் பாருங்க.

எந்த மருந்துக்கும் முன்னாடி ரத்தம் எடுக்கணும். ஊதா மூடிக் குழாயில தட்டணு எண்ணிக்கைக்கு, நீல மூடிக் குழாயில உறைதல் நேரத்துக்கு. நீலக் குழாயைக் கோடு வரைக்கும் சரியா நிரப்பணும். குறைஞ்சா குழாயில இருக்கிற சிட்ரேட் (உறையாமத் தடுக்கிற மருந்து) மிஞ்சி, உறைய நேரமாகுறதாத் தப்பாக் காட்டும். அதே வயசு நல்ல கன்னோட ரத்தமும் கூடவே போகட்டும், ஒப்பிட வேறு வழியில்ல. காது நுனித் துளியில ஸ்மியர் (கண்ணாடித் தகட்டுல மெல்லிசா ரத்தப் பூச்சு) இழுத்து ஜீம்சா சாயம் போட்டு நுண்ணோக்கியில பாத்தா தைலேரியாவும் தெரியும், தட்டணுவும் தெரியும்: எண்ணெய் லென்ஸ்ல ஒரு புலத்துக்கு ஒரு தட்டணுன்னா ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல சுமார் 15,000 முதல் 20,000. ஒரு லட்சத்துக்கு மேல இருக்கணும்.

தைலேரியா உறுதியானா அதுக்கான மருந்து புபார்வாக்யுவோன் கிலோவுக்கு 2.5 மி.கி., 40 கிலோவுக்கு 2 மி.லி. கழுத்துத் தசையில. இதைத் தவிர தசை ஊசி எதுவும் வேண்டாம். போட்ட இடத்தை அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. காய்ச்சலுக்குன்னு ஃப்ளூனிக்ஸின், கீட்டோபுரோஃபென் மாதிரி வலி, காய்ச்சல் மருந்து கொடுத்துடாதீங்க, தட்டணுவை இன்னும் முடக்கும்.

மண்ணுத்தி மாணவன்:
எலி மருந்தை அடியோட ஒதுக்க முடியாது. உறைதல் நேரம் நீண்டு தட்டணு சரியா இருந்தா அதுதான். அப்போ வைட்டமின் கே-யில கே1 வகை மட்டும் கேட்டு வாங்குங்க. கடையில சுலபமாக் கிடைக்கிற கே3 இதுக்கு உதவாது. கிலோவுக்கு 2.5 மி.கி., அதாவது 10 மி.கி. ஆம்பூல் பத்து, தோலுக்கடியில பல இடமாப் பிரிச்சு. ரத்தக் குழாய்ல போட்டா ஒவ்வாமையில கன்னு விழுந்துடலாம். புரோமடியோலோன் (உடம்புல நீண்ட நாள் தங்குற எலி மருந்து) வகைன்னா மூணு, நாலு வாரம் தொடரணும்; நிறுத்தி 48 மணி நேரம் கழிச்சு உறைதல் நேரம் மறுபடி பாக்கணும்.

கொழிஞ்சாம்பாறை தொழுவம்:
ஈறு வெளுத்துட்டே வருது. தாய்ப்பசுகிட்ட ரத்தம் எடுத்து ஏத்தலாமா?

களமருத்துவர் பொள்ளாச்சி:
தாய் வேண்டாம், வேற பசு. கன்னோட அணுக்களுக்கு எதிரான பொருள் தாய் ரத்தத்துல இருக்கலாம். ஐரோப்பாவில் ஒரு தடுப்பூசி போட்ட பசுக்களோட சீம்பால் குடிச்ச கன்னுங்க இப்படித்தான் ரத்தம் கசிஞ்சு செத்துச்சு. அந்த ஊசி விற்பனை 2010-ல நின்னுச்சு. கொடுக்கிற பசுவுக்கும் ஸ்மியர் பாருங்க. பி.சி.வி. (ரத்தத்துல சிவப்பணு பங்கு) 15 சதவீதத்துக்குக் கீழ போனா கிலோவுக்கு 15 மி.லி., 350 மி.லி. பை ரெண்டு. தட்டணு வேணும்னா ஃபிரிட்ஜ்ல வைக்காம எடுத்த சூட்டோட ஏத்தணும். முதல் பத்து நிமிஷம் சொட்டுச் சொட்டா விடுங்க. நடுக்கமோ இரைப்போ வந்தா உடனே நிறுத்தி அட்ரினலின். ஏத்துறது டாக்டர் கையால நடக்கட்டும்.