புதுப்பிப்பு: கரி அடுப்பு பீட்சா இந்த முறை வெந்துவிட்டது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: கம்பி வலையில் சுட்ட பீட்சா அடியில் கருகிக் கரிக்கட்டையானது, மேலே சீஸ் உருகவே இல்லை, மாவு கம்பிகளுக்கு இடையே தொங்கியது. நேற்று மறுபடியும் இறங்கினேன்.

500 கிராம் மைதாவுக்கு 350 மில்லி தண்ணீர் விட்டதுதான் முதல் தவறு. இந்த முறை 300. கரியையும் ஒரு பக்கமாக ஒதுக்கினேன். பிறகு, அந்தப் பதிவுக்குப் பதிலில் நீங்கள் சொன்னபடியே, எதுவும் தூவாமல் வெறும் மாவை எண்ணெய் தடவி நெருப்புக்கு மேலே போட்டேன். ஒரே நிமிடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பழுப்பு வரிகள்! திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் தக்காளிச் சாறும் சீஸும் பரப்பி, கரி இல்லாத பக்கம் நகர்த்தி மூடினேன். நான்கு நிமிடம், அவ்வளவுதான்.

இது புது வித்தை அல்ல. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் உள்ள அல் ஃபோர்னோ உணவகம் 1980களிலேயே இப்படிச் சுட்டுப் பெயர் வாங்கியது.

குடைமிளகாயை முன்கூட்டியே வதக்க மறந்துவிட்டேன், பச்சையாகவே கடித்தோம். இரண்டாவது பீட்சா திருப்பும்போது பாதி கரியில் விழுந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.