காவடி அழைப்பு ஸ்பேம் பெட்டிக்குள் போன கதை

குவாட்ர் போர்ன், மொரீஷியஸ்

எங்கள் கோவில் சங்கத்தில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. தைப்பூசக் கொடியேற்றத்துக்கு முன்பே காவடி, பால்குடம் எடுப்பவர்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்று 640 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் போட்டவர்கள் 31 பேர். விரதம் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன தம்பி, இந்த வருடம் எங்களை ஒதுக்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால், லாட்டரிப் பரிசுக்கும் எடை குறைக்கும் மாத்திரைக்கும் நடுவே எங்கள் முருகன் அழைப்பு கிடந்தது.

கூட்டம் போட்டோம். தமிழ் எழுத்துதான் காரணம் என்றார் ஒருவர். "இலவச அன்னதானம்" என்பதில் முதல் சொல்தான் குற்றவாளி என்றார் இன்னொருவர். (காசுக்கு அன்னதானம் எந்த ஊரில் உண்டு? எழுதியதே வீண்தான்.) சொல்லை எடுத்தோம், வேல் படத்தைச் சிறிதாக்கினோம், தலைப்பைப் பிரெஞ்சில் வைத்தோம். மறுபடியும் ஸ்பேம்.

எபேனில் கணினி வேலை பார்க்கும் என் மருமகன், "மாமா, சொல்லை விடுங்கள், மடலின் மூலத்தைத் திறந்து பாருங்கள்" என்றான். இந்த சர்வர் இந்த டொமைன் (அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர்) சார்பில் அனுப்பலாமா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை தேறியிருந்தது. மடலின் மின்கையொப்பத்தைப் பார்க்கும் டிகிம்மும் தேறியிருந்தது. மூன்றாவது சோதனையான டிமார்க் மட்டும் தோற்றிருந்தது. இரண்டு தேறிய பிறகு மூன்றாவது எப்படித் தோற்கும் என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் அனுப்புநர் இடத்தில் சங்கத்தின் பழைய ஜிமெயில் முகவரியைப் போட்டுவிட்டு, மொத்தமாக மடல் அனுப்பும் சேவை ஒன்றின் வழியே அனுப்பியிருந்தோம். தேறிய இரண்டு சோதனைகளும் அந்தச் சேவையின் டொமைனுக்கு உரியவை. மடலைப் பெறுபவர் கண்ணில் படும் பெயரோ ஜிமெயில். மொய்க் கவரின் மேல் ஒருவர் பெயர், உள்ளே வேறொருவர் காசோலை. இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதுதான் டிமார்க்கின் வேலையாம்.

சங்கத்துக்கென்று டொமைன் வாங்கினோம். அங்கேயும் ஒரு வாரம் போயிற்று. கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் 2048 பிட் டிகிம் சாவி நீளமானது. அதை வைக்கும் இடம் டிஎன்எஸ் என்ற டொமைன் பதிவேடு. அதன் உரைப்பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துக்கு மேல் இடமில்லை. இரண்டு துண்டாகப் போட வேண்டியதை நான் ஒரே மூச்சில் ஒட்டினேன். பதிவை ஏற்றும் இணையப் பக்கம் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது.

டிமார்க்கை முதலில் 'பி=நன்' என்று வெறும் கண்காணிப்பாக வைத்தோம். வந்த அறிக்கைகளைப் பார்த்தபோதுதான், எங்கள் வலைத்தளம் அனுப்பும் நன்கொடை ரசீதுகள் வேறொரு சர்வரிலிருந்து கையொப்பமே இல்லாமல் போவது தெரிந்தது. ரசீது வரவில்லை என்றவர்களையெல்லாம் அதுவரை பொருளாளரிடம் ஏவிவிட்டிருந்தேன். பாவம், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டர்பன், தென்னாப்பிரிக்கா

குவாட்ர் போர்ன் நண்பரே, உங்களுக்குக் கையொப்பம் சரியில்லை. எனக்குக் கையொப்பமெல்லாம் சரி, செய்த காரியம் சரியில்லை. சாட்ஸ்வொர்த்தில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் ஒருவர் விற்ற 9,000 முகவரிகளை வாங்கி, புது டொமைனிலிருந்து ஒரே நாளில் அனுப்பினேன். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மிச்சத்தில் கைவிடப்பட்ட பழைய முகவரிகளும் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவற்றைச் சில நிறுவனங்கள் கண்ணியாகவே வைத்திருக்கின்றன. மறுநாள் என் டொமைன் தடைப்பட்டியலில் இருந்தது. சொந்த வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில் கூடப் போகவில்லை.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதியை இறுக்கிய பிறகு நடந்தது இது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல் அனுப்புகிறவர் நீங்கள் சொன்ன மூன்றையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் விலக வழி வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் முகம் சுளித்தால் போதும். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார், நானும் அப்படித்தான் செய்வேன்.

இதைவிடப் பெரிய பயம் இங்குள்ள போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் அல்லாதவரிடம் விளம்பரத்துக்குச் சம்மதம் கேட்கவே ஒரு முறைதான் எழுதலாம் என்கிறது அதன் 69ஆம் பிரிவு. நான் மூன்று முறை எழுதியிருந்தேன். பட்டியலை அழித்துவிட்டேன். இப்போது கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம். விருப்பமுள்ளவர் தாமே முகவரி எழுதுகிறார். நாளொன்றுக்கு 50 மடல் என்று தொடங்கி மெல்லக் கூட்டிய பிறகுதான் வழி திறந்தது.

செயிண்ட் ஆந்த்ரே, ரீயூனியன்

என்னுடையது சின்னக் கதை. எங்கள் சங்கத்துக்குப் புதுச் சேவை வாங்கியபோது, பழைய எஸ்பிஎஃப் பதிவை விட்டுவைத்து இரண்டாவது ஒன்றைச் சேர்த்தேன். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரு மாதம் தமிழ் வகுப்பு அறிவிப்பு யாருக்கும் போகவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

குவாட்ர் போர்ன்

சிரித்துவிட்டேன். டர்பன் நண்பர் சொன்ன பிறகு எங்கள் பட்டியலையும் துழாவினேன். இரண்டு வருடமாக ஒரு மடலையும் திறக்காதவர்கள் 170 பேர். அவர்களில் சிலர் காலமாகிவிட்டவர்கள். அந்தப் பெயர்களை நீக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை, தலைவரிடம் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் அழைப்பு ரோஸ் ஹில் அம்மாவின் முதன்மைப் பெட்டிக்கே போய்விட்டது. அவர் மறுபடியும் தொலைபேசியில் கூப்பிட்டார். "பார்த்தேன் தம்பி, படிக்கக் கண்ணாடி இல்லை. பால்குடத்துக்கு என் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்."