குரோஷா ஊசியால் கிடைத்த மனிதர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாம்பரத்திலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

என்ன பின்னினீர்கள் என்று கேட்கப்போவதில்லை. அதற்குப் படம் போட வேறு இடங்கள் இருக்கின்றன. கையில் குரோஷா ஊசியும் (நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி) நூலும் இருந்த ஒரே காரணத்துக்காக யார் உங்களிடம் வந்து பேசினார்கள்? அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கடற்கரை போகும் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி. போன் பார்ப்பவளிடம் யாரும் பேச மாட்டார்கள். புத்தகம் வைத்திருப்பவளிடம் பேசத் தயங்குவார்கள். குரோஷா பின்னுகிறவளிடம் மட்டும் ஒரு கூச்சமும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்த அடுத்த நிமிடமே "இது இன்னாக்கா?" என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். எனக்கும் அது தொந்தரவில்லை. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுக்க ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும், நிறுத்தினால் பயம். குரோஷாவில் எந்த நேரமும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து விட்டுவிட்டு ஊர்க்கதை பேசலாம்.

மாம்பலத்தில் ஏறும் பூக்கார அம்மா ஒருவர் ரொம்ப நாள் எதிர் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒருநாள், "குடும்மா, நானும் ஒரு கை பாக்கறேன்" என்றார். கற்றுக்கொடுத்தவர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்கு வலது கை ஊசி பிரச்சினையே இல்லை. இடது கையில் நூலை ஒரே இறுக்கத்தில் பிடிப்பதுதான் பெரும்பாடு. இந்த அம்மாவுக்கு அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. காலமெல்லாம் பூக்கட்டிய விரல். நூல் தானாகவே ஆட்காட்டி விரலில் போய் உட்கார்ந்துகொண்டது. எழும்பூர் வருவதற்குள் சீரான செயின், அதாவது சங்கிலிப் பின்னல், நீளமாக இறங்கிவிட்டது.

அப்புறம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல முடிச்சே இல்லியேம்மா. இழுத்தா மொத்தமும் அவுந்துடுமே" என்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன், முதல் நாளே இதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அவர் முழுசாகப் பின்னிய முதல் பொருள் சில்லறை போட ஒரு சுருக்குப்பை. இப்போது அந்தப் பெட்டியில் நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். அவருக்கு இடம் பிடித்து வைப்பது என் வேலை.

நாகர்கோவிலிலிருந்து

எங்கள் ஊர் பழைய லேஸ், குரோஷா இல்லை. உருண்டைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முடைவது. 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனின் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா இங்கே பெண்பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்த வேலை. அடிமைகளாக இருந்த சில பெண்கள் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள் என்பது இந்த ஊர் வரலாறு. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது லேஸ் வேலையும் கூடவே போனது.

ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது நான் பையைத் திறந்து பின்ன ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த பாட்டி கேட்டார்: "என்ன மக்களே, ஒத்தக் கம்பிய வச்சிக் கொத்திட்டு இருக்க? இதுல ஒரு பூ வருமா?"

வந்தது. பார்த்தார். "கொள்ளாம். ஆனா தடியா இருக்கு" என்று ஒரு தீர்ப்பு. லேஸ்காரர்களுக்கு நம்முடைய மிக மெல்லிய நூல்கூடக் கயிறுதான்! அவர் பார்வை மங்கியதால் தலையணையைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாராம். பிறகு அவர் வீட்டுக்குப் போக வரப் பழகிவிட்டேன். பாதியில் நின்ற ஒரு துண்டு, செய்தித்தாளில் சுற்றியபடி, அவரிடம் இருந்தது. அதை நடுவில் வைத்துச் சுற்றிலும் நான் குரோஷாவில் கரை பின்ன வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. மெல்லிய ஊசி, 0.75 மில்லிமீட்டர், வாங்கிக்கொண்டுதான் அந்த வேலையில் இறங்கினேன். கோயில் பீடத்து விரிப்பாக இப்போது கிடக்கிறது. எது யார் வேலை என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் விளக்குகிறார். என் கரைக்கு இன்னும் "தடி" என்றுதான் பெயர்.

சென்னையிலிருந்து, இன்னொருவர்

2016 ஜனவரி 31 அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு சதுரங்களை இணைத்துக் கின்னஸ் சாதனை செய்த போர்வை. 11,148.5 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால்தான் எனக்கே அதன் அளவு புரிகிறது.

அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பெருவெள்ளம். நாங்கள் தரைத்தளம். தண்ணீர் வாசல்படி தாண்டியதும் வீட்டில் ஆளுக்கொரு சாமானைத் தூக்கினோம். என் மாமியார் முதலில் பரணில் ஏற்றியது அந்தப் போர்வைக்காக நான் பின்னி வைத்திருந்த கம்பளிச் சதுரங்களை. பாத்திரம், பாய், என் கணவரின் சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகுதான். கணவருக்கு இன்றுவரை அதில் வருத்தம் உண்டு.

அதுவரை அந்தச் சதுரங்களைக் குப்பை சேர்க்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மாமியார். மைதானத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சதுரங்களை இணைத்தவர் வேறு மாநிலத்துப் பெண். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. ஊசியை எந்த ஓட்டையில் விட வேண்டும் என்று விரலால் காட்டினால் போதுமானதாக இருந்தது. பேச்சு இல்லாமல் அவ்வளவு நேரம் ஒருவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. (என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம்.)

ஆவடியிலிருந்து

இங்கே எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு ஒன்றைச் சொல்கிறேன். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம் போனபோது நரசாபூர் பார்த்துவிட்டு வந்தேன். நம் வீடுகளில் டிவி மேலும் டீப்பாய் மேலும் போட்டிருந்த வெள்ளை விரிப்புகள் பலவற்றின் ஊர் அது. 2024-இல் அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே லேஸ் என்றால் முழுக்க குரோஷாதான்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் என் ஊசியைக் காட்டினேன். வாங்கினார், என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரு பூவை முடித்தார். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. அங்கே ஒருவர் பூ பின்னுவார், இன்னொருவர் பூக்களை இணைப்பார், நடுவில் நூல் கொடுத்துச் சரக்கு வாங்கிப் போக ஏஜென்ட். "நீ எவ்வளவுக்கு விற்கிறாய்?" என்று கேட்டார். நான் விற்பதில்லை, பொழுதுபோக்கு என்றேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். கேலி இல்லை அது. காசு வாங்காமல் ஒருத்தி இந்த வேலையைச் செய்கிறாள் என்பது அவர்களுக்கு உண்மையிலேயே வேடிக்கை.

மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் இந்த ஊரை ஆராய்ந்து 1982-இல் எழுதினார். நாள் முழுக்கப் பின்னி வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் பெண்களை எல்லோரும் "வீட்டில் சும்மா இருப்பவர்கள்" என்றே கணக்கு வைத்திருந்தார்கள், அதனால் கூலியும் அந்தக் கணக்கிலேயே இருந்தது என்பதுதான் அவர் வாதம். அந்தத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு அது எனக்கு நன்றாகவே விளங்கியது. நாமும் கைவினைக் கண்காட்சியில் போய் "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்கிறோமே.

ஈரோட்டிலிருந்து

ஆவடி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குரோஷாவுக்கு ஆலையில் ஓடும் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. பெரிய துணிக்கடையில் தொங்கும் குரோஷா மேல்சட்டை அசல் குரோஷா என்றால், அதை யாரோ ஒரு மனிதர் கையால் பின்னியிருக்கிறார். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடை விலையைக் காட்டி என்னிடம் பேரம் பேசுபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பாதிப் பேர் புரிந்துகொள்கிறார்கள். மீதிப் பேர் கடைக்கே போகிறார்கள்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து

நான் ஆண், வயது எழுபதைத் தாண்டியவன், இங்கே எழுதலாமா என்று பேத்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தாமிரபரணித் தண்ணீரை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1885-இல் பாபநாசத்தில் ஆரம்பித்த மில்லில்தான் எனக்கு உத்தியோகம். நூல் நூற்று அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது. அது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டம்மாள் பின்னுவதைப் பார்த்து நானும் பழகினேன். நூலை விரலில் உருட்டினாலே முறுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த விஷயத்தில் மட்டும் அவள் என்னிடம் கேட்பாள்.

டீக்கடை பெஞ்சில் பின்னும்போது முதலில் "என்ன அண்ணாச்சி, மதினி வேல குடுத்து அனுப்பிட்டாகளா?" என்று கிண்டல். பதில் சொல்லவில்லை, பின்னிக்கொண்டே இருந்தேன். ஒருவர் வந்து, பேரனுக்குக் குல்லா வேண்டும், ஆனால் தானே பின்ன வேண்டும் என்றார். பிறகு பழைய மில்காரர்கள் இருவர் சேர்ந்தார்கள். எல்லோரும் ஷிப்டு மாறிப் போனவர்கள், அந்தக் காலத்தில் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசியதே இல்லை. இப்போதுதான் யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றே தெரிய வருகிறது.

திருச்சியிலிருந்து

பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்று நடத்தும்போது, "எல்லா இடத்துலயும் அப்படியா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். மறுநாள் என் பையிலிருந்து எடுத்துக் காட்டியது குரோஷாத் துண்டு. ஒவ்வொரு வரிசையிலும் குறிப்பிட்ட கண்ணிகளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டே போனால், துணி தட்டையாக நிற்காமல் கோழிக்கொண்டைப் பூப்போலச் சுருளும். அதன் மேல் மடித்து மடித்துக் கோடு போட்டால் ஒரே புள்ளி வழியாக எத்தனையோ கோடுகள் முதல் கோட்டைத் தொடாமலே போகும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா 1997-இல் செய்த வேலை இது. அதுவரை இந்த வடிவத்தைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டுவார்கள், அது சீக்கிரம் கிழிந்துபோகும். எங்கள் வகுப்பில் அந்தத் துண்டு இருபத்தெட்டுக் கைகள் மாறியும் கிழியவில்லை. கேட்ட பெண்ணின் அம்மா அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தச் சுருள எப்படிப் போட்டீங்க டீச்சர்?" என்றுதான் கேட்டார்.

கோவையிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகத்தைப் பருத்தி நூலில் பின்னிப் பஞ்சு அடைத்துத் தருகிறோம், காசு வாங்குவதில்லை. சிலிக்கானில் செய்தது விலை அதிகம், கனம், நம் வெயிலில் வேர்க்கும். வாங்கிப் போன ஒரு அக்கா திரும்பி வந்து, "கண்ணு, எனக்குச் சொல்லிக் குடு, நானும் ரெண்டு பேருக்குப் பண்றேன்" என்றாங்க. இப்போ எங்களில் சீராகப் பஞ்சு அடைக்கிறது அவங்கதான்.

புதுச்சேரியிலிருந்து

இவ்வளவையும் படித்துவிட்டு ஆசை வந்துவிட்டது. எனக்கு இடது கைப்பழக்கம். முடியுமா? எந்த ஊசி வாங்குவது? ஒரே பின்னலை வீடியோவில் ஒருவர் சிங்கிள் என்கிறார், இன்னொருவர் டபுள் என்கிறார், தலை சுற்றுகிறது.

தாம்பரத்திலிருந்து

தாராளமாக முடியும். வீடியோவைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், இடது கைக்குச் சரியாகிவிடும். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்கிறார்கள், அதனால் எந்த நாட்டு முறை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி 4 மில்லிமீட்டர், நூல் கொஞ்சம் தடிமனாக, வெளிர் நிறமாக. கறுப்பு மட்டும் வேண்டாம், கண்ணியே தெரியாது. ரயிலில் சென்னை வரும் நாள் இருந்தால் சொல்லுங்கள், பூக்கார அம்மாவிடம் உட்கார வைக்கிறேன். என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்.