பங்கு எங்கே? – உதவி, சமாதான வேலைகளில் மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

உதவித் திட்டக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். கொழும்பில் விடிய நாலு மணிக்கு வாகனம், மதவாச்சியில் தேத்தண்ணி, பதினொரு மணிக்கு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபம். பின்சுவரில் பேனர், முன்வரிசையில் கிராம சேவகர். 2013. வெள்ளைக்கார ஆலோசகருக்குப் பக்கத்தில் நான், மைக்கோடு.

அவர் பேச்சில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'ஸ்டேக்ஹோல்டர்' வரும். நாங்கள் எல்லோரும் அதற்குப் 'பங்குதாரர்' என்றுதான் போடுவோம். நானும் போட்டேன். "இந்தத் திட்டத்தில் நீங்கள்தான் முக்கியமான பங்குதாரர்கள்." மூன்றாவது தடவை சொன்னபோது நடுவில் இருந்த அம்மா ஒருவர் எழும்பினார். மடியில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மகனின் படம், முறைப்பாட்டுத் துண்டுகள். எந்தக் கூட்டமானாலும் கொண்டுவருவார்கள், தெரியும்தானே.

"பிள்ளை, பங்குதாரர் எண்டால் எங்களுக்கு எத்தனை பங்கு? காணி ஆமியிட்ட. மகன் எங்கை எண்டு தெரியாது. மிச்சம் என்ன கிடக்கு, பங்கு பிரிக்க?"

கோபமே இல்லை. கடையில் மிச்சக் காசு கேட்பது போலக் கேட்டார்.

ஆலோசகர் என் முகத்தைப் பார்த்தார். "காணி உரிமை பற்றிக் கேட்கிறார்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அறிக்கை வந்தது: 'காணி தொடர்பான கரிசனைகள் எழுப்பப்பட்டன.' அந்த வரியைத் தமிழாக்கியதும் நான்தான். அதற்கும் காசு வாங்கினேன்.

இப்போது 'அக்கறையுள்ள தரப்பினர்' என்று போட்டுப் பார்க்கிறேன். சரிபார்ப்பவர் வெட்டிவிட்டுப் பங்குதாரர் என்றே மாற்றி அனுப்புகிறார். உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

முகத்துவாரம் ட்ரைவர் எழுதியது:

நான் சொல்ல மகள் டைப் பண்ணுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது.

2008 செப்டம்பர், கிளிநொச்சி. உங்கள் பாதுகாப்புக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை, வெளியே வாருங்கள் என்று அரசாங்கம் சொல்லி ஐநாவும் மற்ற நிறுவனங்களும் வந்த நேரம். எங்கள் நிறுவனமும் வந்தது, பெயர் வேண்டாம். வாசலில் சனம். "போகாதேங்கோ, போகாதேங்கோ" என்று. முன்னால் நிற்கிற வாகனத்தின் சிவப்பு லைட்டை மட்டும் பார்ப்பது என்று இருந்தேன். பக்கம் திரும்பினால் ஓட முடியாது.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம். இறக்கினேன். வயதானவர், சேர்ட் பொத்தான் இரண்டு இல்லை. கொப்பித் தாள் ஒன்றை நாலாக மடித்து நீட்டினார். "மகள் கொழும்பில் லொட்ஜில் நிக்கிறாள் தம்பி. விலாசம் கிடக்கு. அப்பா வீட்டை விட்டிட்டுக் கிழக்காலை போறார் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ." மற்றக் கையால் ஒரு சொப்பிங் பையையும் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஓமந்தை தாண்டித்தான் திறந்து பார்த்தேன். தேசிக்காய். ஏழு. வழியில் தண்ணிக்குப் பிழிந்து குடிக்க.

மூன்றாம் நாள் லொட்ஜுக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில்தான், என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். மனேஜரே தாளை வாங்கி வாசித்துவிட்டு, "இந்தப் பிள்ளை போன வருசம் பஸ்ஸில ஏத்தினவங்களில ஒரு ஆள்" என்றார். 2007 ஜூன் 7 விடியற்காலை பொலிஸ்காரர் லொட்ஜ் லொட்ஜாகப் போய், முந்நூறுக்கு மேற்பட்ட தமிழாட்களை வவுனியா முதலான ஊர்களுக்கு ஏற்றி அனுப்பினார்களே, அது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது, கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். இந்தப் பிள்ளை வரவில்லையாம். தகப்பன் ஒரு வருடத்துக்கு மேலாகப் பழைய விலாசத்தைத்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

2012 இல் ஐநா தன்னைத் தானே விசாரித்து ஓர் அறிக்கை விட்டது. சனத்தைக் காப்பாற்றத் தவறிவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்களாம், மகள் வாசித்துச் சொன்னாள். நல்லது.

ராஜகிரிய ஓய்வூதியர் எழுதியது:

மொழிபெயர்ப்பாளர் தங்கச்சி சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிரச்சினை காசில். 2003 ஜூன் டோக்கியோ மாநாட்டில் இலங்கைக்கு 4.5 பில்லியன் டொலர் தருகிறோம் என்றார்கள். புலிகள் அந்த மாநாட்டுக்கே போகவில்லை, ஏப்ரலிலேயே பேச்சை நிறுத்தியாகிவிட்டது. சமாதானம் முன்னேறினால்தான் காசு முன்னேறும் என்றார்கள் ஜப்பான், நோர்வே, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் என்ற நான்கு இணைத் தலைமைகளும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது, அந்த நிபந்தனையும் கடலோடு போனது. பிறகு உதவியைப் பகிர அரசாங்கம், புலிகள் இரு தரப்புக்கும் ஒரு பொதுக் கட்டமைப்பு என்று 2005 ஜூனில் கையெழுத்து. ஜூலையில் நீதிமன்றத் தடை. காசுக்கு இரு தரப்பும் சேர்ந்து இருக்க ஒரு மேசைகூட இல்லாத நாட்டில் பங்குதாரர் என்றால் என்ன, தரப்பினர் என்றால் என்ன?

என் அனுபவம் சின்னது. 2005, கல்முனைப் பக்கம். டிசம்பருக்குள் காசை முடிக்க வேண்டும், வள்ளம் கொடுத்தோம். ஒரு மீனவர் எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிப் போனார். நாங்கள் கொடுத்தது அவருக்கு மூன்றாவது வள்ளம். முதலாவது கடலில். இரண்டாவதைக் கவிழ்த்து வைத்து அதற்குள் கோழி அடைத்திருந்தார். "சேர், வள்ளம் போதும். வல ஒண்டும் வரல்ல." நான் கோழியைப் படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இனி களத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம். பேனர் கட்டாதீர்கள். சாப்பாட்டுப் பார்சலைக் கூட்டத்துக்கு முதலே கொடுங்கள், பசியோடு இருக்கிறவர் நீங்கள் கேட்க விரும்புவதைத்தான் சொல்வார். மொத்தக் காசு எவ்வளவு, அதில் வாகனத்துக்கும் கொழும்புக் கந்தோர் வாடகைக்கும் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். கிராம சேவகரை முன்வரிசையில் இருத்தாதீர்கள், அவருக்குப் பின்னால் இருக்கிறவர் வாய் திறக்க மாட்டார். திரும்பிப் போக முடியாத ஊரில் கேள்வியே கேட்காதீர்கள். 2011 இல் தென்கொரியாவின் பூசானில் 'நியூ டீல்' என்று ஒன்று கையெழுத்தானது, தேடி வாசியுங்கள். கிழக்குத் திமோர் முன்னின்று ஜீ7 பிளஸ் நாடுகள், போரில் அடிபட்ட நாடுகள்தான், எங்களுக்கு வேண்டியது இது என்று ஐந்து இலக்குகளைத் தாங்களே சொன்னார்கள். அரசியல், பாதுகாப்பு, நீதி, பொருளாதார அடித்தளம், வருமானமும் சேவையும். அரசியல்தான் முதலில் வருகிறது, கவனியுங்கள். நாங்கள் தார் ஊற்றுவதில் தொடங்குவோம். அப்புறம், லொக்பிரேமில், அதுதான் திட்டத்தின் இலக்குகளை நிரப்புகிற அட்டவணையில், 'மனப்பான்மை மாற்றம்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை வெறுமையாக விட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். வலையைப் பற்றிக் கேளுங்கள்.

தெமட்டகொடை நானா எழுதியது:

ராஜகிரிய ஐயா, அட்வைஸ் யார் கேட்டது? கோழிக் கதையோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் 2014 முதல் 2017 வரை காபூலில் கணக்குப் பகுதியில் இருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் ஆப்கான் சகோதரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். எங்கள் சுவரில், எந்த நாடு எவ்வளவு ஆட்டம் கண்டிருக்கிறது என்று வரிசைப்படுத்தும் அந்த வருடாந்தப் பட்டியல் ஒட்டியிருக்கும். தெரியும்தானே, 12 குறிகாட்டி, ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 120, கூடினால் மோசம். 2005 இல் தொடங்கும்போது 'தோல்வியுற்ற அரசுகள்' என்று பெயர், 2014 இல் மரியாதையாக 'நொய்ந்த அரசுகள்' என்று மாற்றினார்கள். அவர் ஒவ்வொரு வருடமும் இலங்கையில் விரல் வைத்து, "நீங்கள் பாஸ் பண்ணிவிட்டீர்கள், எங்களுக்கு டியூஷன் கொடுங்கள்" என்பார்.

2021 ஓகஸ்ட் 15. காபூல் தலிபான்களிடம் விழுந்த அன்று பின்னேரம் அவரிடமிருந்து மெசேஜ். தன்னோடு வேலை செய்தவர் என்று ஒரு கடிதம் வேண்டும், விமானத்துக்கு. நான் அந்த நிறுவனத்தை விட்டு நாலு வருடமாகிவிட்டது. எழுதலாமா, பிறகு பிரச்சினை வருமா, யாரிடம் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

பதில் வந்தது 2022 ஜூலையில். டீவியில் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தைப் பார்த்திருக்கிறார். நான் அந்த நேரம் பெற்றோல் வரிசையில், இரண்டாம் நாள், காருக்குள் சறமோடு. 'கேஸ் இருக்கிறதா? மா இருக்கிறதா? உன் மகளுடைய பள்ளிக்கூடமும் மூடியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் மகளுடையதும்தான்.'

எங்கள் பள்ளிக்கூடம் டீசல் இல்லாமல் மூடியது, மாதக் கடைசியில் திறந்துவிட்டது. அவருடைய மகளுக்கு அப்போது பதினான்கு. அந்தக் கடிதம் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பம்பலப்பிட்டிக்காரி எழுதியது:

என்ஜிஓ, ஐநா எதிலும் நான் வேலை செய்ததில்லை. எழுதலாமா தெரியாது.

மழை நாள், காலி வீதி, த்ரீவீலர். ஓட்டியவர் முன்னாள் இராணுவம், கடவத்தையில் வீடு, ஹெய்ட்டிக் காசில் போட்ட கொன்கிரீட் தட்டு என்று பெருமையாகச் சொன்னார். சிங்களத்தில்தான் பேச்சு. இலங்கைப் படை 2004 முதல் ஹெய்ட்டியில் ஐநா அமைதிப்படையில் இருந்ததல்லவா. வெக்கை, நுளம்பு, மாம்பழம் என்று கொள்ளுப்பிட்டி வரைக்கும் கதை. பிறகு சொன்னார்: "ஒருநாள் செக்பொயின்ட்டில் நிற்கிறேன் மிஸ், ஒரு கிழவி தூரத்தில் வருகிறாள். நான் வாய் திறக்கவில்லை, கையைக்கூட உயர்த்தவில்லை. அவளாகவே பையைத் திறந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அப்போது எனக்குக் கொழும்பு ஞாபகம் வந்தது."

என் அம்மா இன்றைக்கும் சுப்பர்மார்க்கட் வாசலில் காவலாளியைக் கண்டால் கைப்பையின் சிப்பை இழுத்துவிட்டுத்தான் நடப்பார்.

அதோடு நின்றிருந்தால் நல்ல ஞாபகம். 2007 நவம்பரில் அந்தப் படையில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பினார்கள். எந்த வருடம் போனீர்கள் என்று கேட்டேன். 2007 என்றார். எந்த மாதம் திரும்பி வந்தீர்கள் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. இறங்கும் இடம் வந்துவிட்டது. அவர் மிச்சக் காசில் இருபது ரூபாயைக் குறைத்துக்கொள்ளாமல் தந்தார். நல்ல மனிதர்தான் என்று ஒருநாள் தோன்றும், அடுத்த நாள் தோன்றாது.

ராஜகிரிய ஓய்வூதியர் எழுதியது:

ஒரு சிறு திருத்தம். படையினருக்காக ஐநா கட்டுகிற காசு நேராக அவர்கள் கைக்குப் போவதில்லை, அரசாங்கத்துக்குத்தான் போகிறது. 2018 இல் அது ஆளுக்கு மாதம் 1,428 டொலராக இருந்தது. அதில் எவ்வளவு கொடுப்பது என்பது அந்தந்த நாட்டு முடிவு. ஆகவே கொன்கிரீட் தட்டுக்கான கணக்கைச் சரியாகப் பார்த்தால்...

தெமட்டகொடை நானா எழுதியது:

ஐயா.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ட்ரைவர் அண்ணை, அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா? கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் இருந்து அனுப்பப்பட்ட சிலர் பிறகு வெள்ளவத்தையில்தான் வந்து இருந்தார்கள், எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு குடும்பம். பெயர் தெரிந்தால் விசாரித்துப் பார்க்கலாம்.

முகத்துவாரம் ட்ரைவர் எழுதியது:

இருக்கிறது தங்கச்சி. அடையாள அட்டையோடு பேர்ஸில்தான். பென்சிலில் எழுதியது, வேர்வையில் மங்கிவிட்டது. மகள் போனில் படம் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். லொட்ஜ் பெயர் தெரிகிறது. தெருவும் தெரிகிறது. பிள்ளையின் பெயரில் முதல் எழுத்து 'சு' என்று நான் சொல்கிறேன், 'ச' என்று இவள் சொல்கிறாள். படத்தை இங்கே போட வேண்டாம், தனியாக அனுப்பச் சொல்கிறேன்.