ஆங்கிலத்தில் கான் (can), குட் (could), வுட் (would): ஹோட்டல் வேலைக்கு எது சரி?

கேள்வி
நிலாவெளியில ஒரு ஹோட்டலில் றிசெப்ஷன் வேலைக்குச் சேரப் போறன். விருந்தினரிட்ட ஆங்கிலத்தில பாஸ்போர்ட் கேட்க ‘கான்’ போடுறதா, ‘குட்’ போடுறதா? குட் இறந்தகாலம் எண்டுதானே பள்ளிக்கூடத்தில படிச்சம்? ‘நேற்றுப் புறாத்தீவுக்குப் போக முடிஞ்சுது’ எண்டு சொல்லவும் அதே குட் தானா?

பதில் 1
தம்பி, வேண்டுகோளில் வரும் குட் இறந்தகாலம் அல்ல. இப்போதே செய்யச் சொல்லித்தான் கேட்கிறீர்கள். அந்த வடிவம் வற்புறுத்தலைக் குறைக்கிறது, அவ்வளவே. ‘குட் ஐ ஸீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள். ‘மே ஐ ஸீ’ இன்னும் சம்பிரதாயமானது. ஆனால் ‘மே யூ’ என்று தொடங்கி யாரிடமும் உதவி கேட்க முடியாது. ‘கான் யூ’ பிழையில்லை, கூட வேலை செய்பவர்களிடம் தாராளமாகப் பேசலாம். ‘ஐ வோன்ட் (want) யுவர் பாஸ்போர்ட்’ மட்டும் வேண்டவே வேண்டாம். ப்ளீஸ் சேர்த்தாலும் அது அதட்டலாகவே கேட்கும்.

விருந்தினர் ‘குட் யூ கோல் எ டக்ஸி?’ என்றால் பதில் ‘யெஸ், ஐ குட்’ அல்ல. ‘யெஸ், ஒஃப் கோர்ஸ்’ அல்லது ‘ஐ கான்’.

பதில் 2
நேற்றைய பயணத்துக்கு குட் பொருந்தாது. ஒரே ஒரு தடவை முயன்று நடந்து முடிந்த காரியத்துக்கு ‘வீ வேர் ஏபிள் டு கோ’ என்பதே சரி. ‘வீ குட் கோ’ என்றால், போகலாமே என்று யோசனை சொல்வதாகக்கூட எடுத்துக்கொள்வார்கள். முன்பு பொதுவாக இருந்த திறமைக்கு குட் வரும்: ‘ஐ குட் ஸ்விம் வென் ஐ வோஸ் ஃபைவ்’. காண்பது, கேட்பது, விளங்குவது போன்ற வினைகள் விதிவிலக்கு. கோணேசர் கோயிலடியில் நின்று ஒருமுறைதான் டொல்ஃபின் தெரிந்தது என்றாலும் ‘வீ குட் ஸீ டொல்ஃபின்ஸ்’ சரியே. எதிர்மறையில் சிக்கலே இல்லை: கடல் கொந்தளித்துப் படகு போகாவிட்டால் ‘வீ குடின்ட் கோ’.

பதில் 3
‘வுட் யூ மைன்ட்’ பற்றி ஒருவரும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு வினை ‘இங்’ (-ing) போட்டு வரவேணும்: ‘வுட் யூ மைன்ட் வெயிட்டிங் ஹியர்?’ இதில ஆட்கள் தடுமாறுறது பதிலிலதான். ‘உங்களுக்கு ஆட்சேபனையா?’ எண்டுதான் கேள்வி. அதால சம்மதம் சொல்ல ‘நோ, நொட் அட் ஓல்’ எண்டு சொல்லவேணும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. ‘வாற கிழமை போக முடியும்’ எண்டு சொல்ல ‘வில் கான்’ (will can) போடலாமோ?

பதில் 2
இல்லை, இரண்டையும் அடுத்தடுத்து வைக்கக்கூடாது. ‘யூ வில் பீ ஏபிள் டு கோ’. இப்போதே முடிவெடுத்து ஒழுங்கு செய்வதென்றால் ‘யூ கான் கோ டுமோரோ’ போதும். கானுக்குப் பின்னால் ‘டு’ வராது.